கண்டுபிடிப்பதற்கும் கூலி உண்டு

"வண்டி அடிக்கடி ஆஃப் ஆயிடுது" என்று சொல்லிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்பவரிடம் ஒரு மெக்கானிக், "சாவியைக் கொடுத்துட்டுப் போங்க சார், சாயங்காலம் போன் பண்றேன்" என்பார். இன்னொருவர் கையைத் துடைத்துக்கொண்டே, "எப்ப நிக்குது?" என்று கேட்பார். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, எஞ்சின் சூடான பிறகா? சிக்னலில் காத்திருக்கும்போதா, ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதா? சட்டென்று அணைகிறதா, திணறித் திணறி அணைகிறதா? உடனே மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா, அரை மணி நேரம் ஓரமாகப் போட்டால்தான் ஆகிறதா? ஏ.சி. ஓடிக்கொண்டிருந்ததா? கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டீர்கள்?

வண்டியை இரண்டாமவரிடம் விடுங்கள். முதலாமவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால், இந்த ஒரு கோளாறுக்கு அவர் வழி ஒத்துவராது.

ஓடுகிற வண்டி நின்றுபோகும் கோளாறு, மெக்கானிக் பார்க்கும்போது பெரும்பாலும் வெளிப்படாது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் சீராக ஓடும். பில் கட்டி வெளியே எடுத்து, ஒரு மேம்பாலத்தில் பாதி ஏறும்போது நிற்கும். இந்த இடைவெளியில்தான் பணம் கரைகிறது. "பிளக் மாத்திப் பார்ப்போம்", "பம்ப் மாத்திப் பார்ப்போம்", "பேட்டரி வீக்கா இருக்கலாம்" என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்கான செலவு முழுவதும் வண்டிக்காரர் தலையில் விழுகிறது. மாற்றியது தவறு என்று தெரிந்த பிறகும் பழைய பாகம் திரும்ப வராது. கொடுத்த பணமும் வராது.

டக்கென்று நின்றதா, திணறி நின்றதா?

பெட்ரோல் எஞ்சின் ஓட எரிபொருள், காற்று, தீப்பொறி மூன்றும் வேண்டும். மூன்றும் சரியான நேரத்தில் சேரவேண்டும். எது தவறினாலும் எஞ்சின் நிற்கும். ஆனால், நிற்கிற விதம் வேறு வேறு. சுவிட்சை அணைத்ததுபோல டக்கென்று நின்றால் மின்சாரப் பக்கம் சந்தேகம் போகவேண்டும்: சென்சார், ரிலே, இக்னிஷன் சுவிட்ச், லூசான பேட்டரி டெர்மினல், எங்கோ உரசி அறுந்த வயர். இழுவை குறைந்து, ஜெர்க் அடித்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தும் ஏறாமல் மெல்ல அணைந்தால் எரிபொருள் பக்கம்: பம்ப், ஃபில்டர், டேங்கில் தண்ணீர். ஓடும்போது ஒன்றுமில்லை, சிக்னலில் கால் எடுத்தவுடன் மட்டும் நிற்கிறது என்றால் காற்றுப் பக்கம். விதிவிலக்குகள் உண்டு. ஆனால், அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் பானெட்டைத் திறக்கும் முன்பே மனதில் போட்டுக்கொள்ளும் முதல் கோடு இதுதான்.

இந்தக் கோட்டைத் தாண்டி என்ன நடக்கிறது என்பதை மதுரையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஏழெட்டு வருடம் ஓடிய பெட்ரோல் கார். சூடான பிறகு, குறிப்பாக வெயில் நேரத்தில், டக்கென்று நிற்கும். அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். அதற்குள் வேறோர் இடத்தில் பேட்டரி, பிளக் செட், பெட்ரோல் பம்ப் மூன்றும் மாற்றியாகிவிட்டது. பம்புக்கு மட்டும் பெரிய தொகை. கோளாறு அப்படியே இருந்தது.

மதுரை மெக்கானிக் காரைத் திறக்கவில்லை. உரிமையாளரை ஓட்டச் சொல்லி, பக்கத்து இருக்கையில் தான் உட்கார்ந்து, என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். ரிங் ரோட்டில் ஏ.சி.யைப் போட்டு ஓட்டிக்கொண்டே இருந்தோம். கார் நின்ற நொடியில் அவர் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: ஆர்.பி.எம். முள். கார் கியரில் இருந்தது, இன்னும் உருண்டுகொண்டிருந்தது. கிளட்ச் மிதிக்கவில்லை. அப்படியென்றால் சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால், முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. "எஞ்சின் சுத்துது, அது சுத்துறது கம்ப்யூட்டருக்குத் தெரியலண்ணே" என்றார்.

ஓரம் கட்டியதும் ஸ்கேனரை மாட்டி லைவ் டேட்டாவைத் திறந்து, உரிமையாளரை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைக் கறகறவென்று சுற்றுகிறது. திரையில் எஞ்சின் வேகம் 0. பிறகு ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து கிராங்க் சென்சார்மீது சுற்றி வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி முயன்றபோது திரையில் எண் எழுந்தது. கார் ஸ்டார்ட் ஆனது. அதன் பிறகும் உடனே சென்சாரை மாற்றிவிடவில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, கனெக்டரைக் கழற்றிப் பின்கள் துருப்பிடித்திருக்கிறதா, வயர் எங்காவது சூட்டில் உருகியிருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான், "இப்ப வாங்கிட்டு வாங்க" என்றார்.

கிராங்க் ஷாஃப்ட்டோடு சுழலும் பல்சக்கரம் ஒன்று உண்டு. பல கார்களில் 60 பற்களுக்கான இடத்தில் 58 பற்கள்தான் இருக்கும். அந்த இரண்டு பல் இடைவெளியை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று எஞ்சின் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. அந்தப் பற்களை எண்ணிச் சொல்வது கிராங்க் சென்சார். பல கார்களில் அதன் உள்ளே இருப்பது முடிபோல மெல்லிய கம்பிச்சுருள். வயதான சென்சாரில் சூடு ஏறும்போது உள்ளே ஒரு விரிசல் திறக்கும், தகவல் அறுபடும். ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வெயிலில் நிற்பதும் நிழலில் சரியாவதும் இதனால்தான்.

முதல் ஒர்க்‌ஷாப் ஏன் பம்பை மாற்றியது என்பதும் இதில் விளங்கிவிடும். எஞ்சின் சுற்றுகிற தகவல் வராவிட்டால், விபத்தில் பெட்ரோல் கொட்டி நெருப்புப் பிடிக்கக்கூடாது என்று கம்ப்யூட்டரே பம்புக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்த்தவர், பம்ப் ஓடும் சத்தம் வரவில்லை என்று கவனித்திருக்கிறார். கவனித்தது சரி. பம்புக்கு ஏன் கரண்ட் வரவில்லை என்று ஒரு படி பின்னால் போகாததுதான் தவறு. ஏமாற்றும் எண்ணம் இல்லாமலேயே ஒருவருக்குப் பெரிய தொகை வீணாகும் விதம் இது.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

"ஸ்கேனர்ல போட்டோம் சார், ஆக்ஸிஜன் சென்சார் காட்டுது, மாத்தணும்" என்பது இப்போது தினமும் கேட்கும் வசனம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். ஸ்கேனரை அதில் மாட்டினால் கோளாறைக் குறிக்கும் கோடுகள் (code) வரும். பி 0335 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட். பி 0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். பி 0300 என்றால் சிலிண்டர்களில் மிஸ்ஸிங்.

இவற்றில் எதுவும் "இந்தப் பாகத்தை மாற்று" என்று சொல்லவில்லை. பி 0171 வரக் காரணம் வெடித்த வேக்யூம் குழாயாக இருக்கலாம், வலுவிழந்த பம்பாக இருக்கலாம், அடைத்த இன்ஜெக்டராக இருக்கலாம், காற்றளக்கும் சென்சாரில் படிந்த தூசியாக இருக்கலாம். கலவை கெட்டுவிட்டது என்று உண்மையைச் சொன்ன ஆக்ஸிஜன் சென்சாரையே குற்றவாளியாக்கி மாற்றும் கூத்து நிறைய இடங்களில் நடக்கிறது. சர்க்யூட் என்று கோடு வந்தால் அதில் வயரும் அடங்கும், கனெக்டரும் அடங்கும். ஐம்பது ரூபாய் வேலையில் முடியக்கூடிய ஒரு பின், ஐயாயிரம் ரூபாய் சென்சாராக மாறுவது இங்கேதான்.

வண்டிக்காரர்கள் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். கோடு பதிவான நொடியில் வேகம் என்ன, எஞ்சின் சூடு எவ்வளவு, ஆர்.பி.எம். என்ன என்று கம்ப்யூட்டர் ஒரு பதிவைச் சேமித்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். கோடுகளை அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். பல கார்களில் பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலே போய்விடும். ஆகவே அழிக்கும் முன் திரையை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புளூடூத்தில் போனோடு இணையும் சின்னக் கருவிகள் இப்போது குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கோடு படிக்க அவை போதும். ஆனால், எல்லாக் கோளாறும் கோடு விடாது. சில நேரம் கிராங்க் சென்சார்கூட எந்தத் தடமும் விடாமல் அறுந்து அறுந்து வேலை செய்யும். கோடு இல்லை என்பதால் கோளாறே இல்லை என்று வண்டியைத் திருப்பித் தருகிறவரிடம் மறுபடி போகவேண்டாம்.

சிக்னலில் நிற்பது, பங்கில் நிற்பது

சிக்னலில், அதுவும் ஏ.சி. போட்டிருக்கும்போது நிற்கும் காருக்கு முதலில் பார்க்கவேண்டியது த்ராட்டில் பாடி. கால் எடுத்தபிறகு எஞ்சினுக்குள் போவது மிகச் சின்ன இடுக்கு வழியாக நுழையும் காற்று. அந்த இடுக்கில் எண்ணெய்ப் புகையும் கரியும் படிந்து அடைத்தால், ஏ.சி. கம்ப்ரஸரின் பாரம் ஏறும் நொடியில் எஞ்சின் மூச்சுத் திணறும். கிளீனர் ஸ்பிரேயும் துணியும் வைத்துச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். பல கார்களில் அதன் பிறகு ஐடிலிங்கைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கவேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, "சுத்தம் பண்ணியும் ஆட்டம் நிக்கல, பாடியையே மாத்தணும்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பேட்டரி மாற்றிய அன்று ஐடிலிங் கொஞ்சம் ஆடுவதும் இதே காரணத்தால்தான்.

பெட்ரோல் போட்டுவிட்டு பங்கைவிட்டு வெளியே வந்ததும் திணறி நிற்கும் கார்கள் தனி ரகம். எல்லோரும் பெட்ரோல் சரியில்லை என்று பங்க்காரரைத் திட்டுவார்கள். நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது: ஃபுல் டேங்க் கேட்போம், துப்பாக்கி தானே கட் ஆகும், அப்போது மீட்டர் 2,460 காட்டினால், "ரவுண்டா ரெண்டாயிரத்து ஐந்நூறு ஆக்கிடுங்கண்ணே" என்போம். டேங்கின் மேற்பகுதியில் ஆவிக்கென்று விடப்பட்ட இடத்தில் அந்தப் பெட்ரோல் ஏறி, ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் வழியும். அங்கிருந்து பர்ஜ் வால்வு வழியாக எஞ்சினுக்குள் அளவுக்கு மீறிப் போகும். எஞ்சின் மூழ்கி நிற்கும். வால்வே திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான். துப்பாக்கி கட் ஆன இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெட்ரோலில் தண்ணீர் இருப்பதும் நடக்கிற விஷயம்தான். எத்தனால் தண்ணீரை இழுக்கும். நாட்டில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் 2022-ல் 10 சதவீதத்தையும் 2025-ல் 20 சதவீதத்தையும் எட்டிவிட்டது. அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்து டேங்கின் அடியில் தனியாகப் படியும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். மழைக்காலத்தில், மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டிகளில் இதைப் பார்க்கலாம். சோதிக்க வழி எளிது: டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். அடியில் தனி அடுக்கு நின்றால் டேங்கைக் கழுவவேண்டும். அந்தப் பாட்டிலை ஒர்க்‌ஷாப்பில் நம் கண்முன் காட்டவேண்டும். காட்டாமல் டேங்க் இறக்கியதாக வரும் பில்லை ஏற்கவேண்டியதில்லை.

இருசக்கர வண்டியில் கதை இன்னும் சின்னது, ஆனால் ஏமாறும் வழிகளும் உண்டு. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ். 6 மாசு விதி வந்தபிறகு விற்கும் பைக், ஸ்கூட்டர்கள் கிட்டத்தட்ட எல்லாமே எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்). அதற்கு முந்தையவை பெரும்பாலும் கார்போரேட்டர். பழைய பைக் கொஞ்ச தூரம் ஓடி, இழுவை குறைந்து நின்றால், முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அதன் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்கினால் அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் பெட்ரோல் இறங்காது. ஒரு ஊசியில் முடியும் வேலை. இதற்கு கார்போரேட்டரே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். எஃப்.ஐ. வண்டி பள்ளத்தில் குதிக்கும்போது மட்டும் அணைந்தால் சைடு ஸ்டாண்ட் சுவிட்சையும் அதன் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டாண்ட் இறங்கிவிட்டதாக நினைத்து வண்டி தானே அணைந்துகொள்கிறது. கார்போரேட்டர் வண்டியை பேட்டரி செத்தாலும் கிக்கரை உதைத்து ஓட்டிவிடலாம். எஃப்.ஐ. வண்டியில் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி மெலிந்தாலே பிரச்சினை தொடங்கிவிடும்.

டீசல் வண்டி திணறி நின்றால் ஃபில்டரில் தண்ணீர், லைனில் காற்று, கரி பிடித்த ஈ.ஜி.ஆர். வால்வு என்ற வரிசையில் பார்ப்பார்கள். "ஏர் பிடிச்சிருக்கு" என்று சொல்லி கைப்பம்பை அழுத்தி ஓட வைத்துவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். காற்று எந்த ஜாயின்ட் வழியாக நுழைந்தது என்று கேட்கவேண்டும். தேங்கிய வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு மட்டும் எந்தச் சோதனையும் நீங்களாகச் செய்யாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையில் கார்கள் மூழ்கின. அப்படித் தண்ணீர் சிலிண்டருக்குள் போன எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். சாவியைத் தொடாமல் ரெக்கவரி வேனைக் கூப்பிடுவதே வழி. எஞ்சினுக்கென்று தனியாகப் பாதுகாப்பு எடுக்காத காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது.

ஓடும்போதே நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். எஞ்சின் அணைந்ததும் ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக் ஒன்றிரண்டு முறை வழக்கம்போலப் பிடிக்கும், பிறகு கல்லாகும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டவேண்டும். உருளும்போது சாவியை உருவக்கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஹசார்டு விளக்கைப் போட்டு, நால்வழிச்சாலையில் என்றால் காருக்குள் உட்கார்ந்திருக்காமல் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

யாரிடம் விடுவது?

கம்பெனி சர்வீஸ் சென்டரா, தெருமுனை மெக்கானிக்கா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கம்பெனி சர்வீஸில் அந்த மாடலுக்கென்றே ஸ்கேனரும் வயரிங் படமும் இருக்கும். வாரன்ட்டி இருக்கும்வரை அங்கேதான் போகவேண்டும். அங்கே இருக்கும் பெரிய குறை: நாம் கோளாறைச் சொல்வது டை கட்டிய அட்வைசரிடம், வண்டியில் கை வைப்பது உள்ளே இருக்கும் டெக்னீஷியன். நாம் பத்து நிமிடம் சொன்னது ஜாப் கார்டில் "எஞ்சின் ஆஃப், செக்" என்று மூன்று சொல்லாகிவிடும். எப்போது நிற்கிறது என்கிற உயிரான தகவல் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. வேலை செய்யப்போகும் டெக்னீஷியனோடு ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டவேண்டும் என்று கேளுங்கள். தயங்கினால் நீங்களே ஒரு தாளில் தேதி, நேரம், வேகம், வெயில், ஏ.சி., டேங்க் அளவு என்று எழுதி ஜாப் கார்டோடு பின் பண்ணச் சொல்லுங்கள். நின்ற நேரத்தில் டேஷ்போர்டை வீடியோ எடுத்திருந்தால் இன்னும் நல்லது; ஓட்டுகிறவர் எடுக்கக்கூடாது.

தனி மெக்கானிக்குகளுக்கு ஒரு காலத்தில் கருவியும் கிடைக்கவில்லை, ஒரிஜினல் ஸ்பேரும் கிடைக்கவில்லை. பாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் தங்கள் டீலர்களுக்குள்ளேயே பூட்டி வைத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தாலும், வண்டி வாங்கியவருக்கு அதை எங்கே பழுதுபார்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்ற பேச்சு அதிலிருந்து வலுத்தது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியது. இன்று பல மாடல்களைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் தனி மெக்கானிக்குகளை மாவட்டத் தலைநகரங்களில் பார்க்க முடிகிறது.

நல்லவரைக் கண்டுபிடிக்க, உங்கள் மாடலையே ஓட்டும் டாக்ஸி டிரைவரிடம் கேளுங்கள். வண்டி ஒரு நாள் நின்றால் அவருக்கு அன்றைய வருமானம் போச்சு. மோசமான மெக்கானிக்கிடம் இரண்டாம் முறை போக அவரால் முடியாது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும், மீட்டர் இருக்கிறதா, அது பெட்டிக்குள் தூங்குகிறதா, கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்யூயல் பிரஷர் கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். பம்பைக் குற்றம் சொல்பவர், அழுத்தம் எத்தனை பார் வந்தது, எத்தனை வரவேண்டும் என்று இரண்டு எண் சொல்லவேண்டும். ஆல்டர்னேட்டரைச் சொல்பவர், ஓடும்போது வோல்ட் எவ்வளவு என்று காட்டவேண்டும். வழக்கமான கார்களில் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் இருப்பது நல்லது. எண் இல்லாமல் பாகத்தின் பெயர் மட்டும் சொன்னால் அது ஊகம். "இது எனக்குப் பிடிபடலண்ணே, இன்ன எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க" என்று சொல்கிறவரை வாழ்நாள் முழுக்க விடாதீர்கள்.

ஆனால், நம் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. அரை நாள் உட்கார்ந்து வயரைப் பின்தொடர்ந்து, கடைசியில் ஒரு பின்னை வளைத்துச் சரிசெய்த மெக்கானிக் எண்ணூறு ரூபாய் கேட்டால், "ஒண்ணுமே மாத்தல, இதுக்கு எண்ணூறா?" என்கிறோம். அதே ஆள் ஏழாயிரத்துக்கு ஒரு பம்பை மாட்டியிருந்தால் பேசாமல் கொடுத்திருப்போம். பாகத்துக்குக் காசு, கண்டுபிடிப்புக்குக் காசில்லை என்று நாம் வைத்திருக்கும் வழக்கம்தான் மெக்கானிக்கைப் பாகம் விற்பவராக்குகிறது. லேபரைக் கசக்கிப் பிழிந்தால் ஸ்பேர் கடைக் கமிஷனில் அவர் எடுத்துக்கொள்வார். அதைத் தவறு என்று சொல்லும் முன், குடும்பத்தை அவர் எதில் நடத்துவது என்று யோசிக்கவேண்டும். வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள்: "எதையும் மாத்தாம முதல்ல என்னன்னு கண்டுபிடிங்க. அதுக்குத் தனியா கூலி தர்றேன். மாத்துற வேலை இருந்தா போன் பண்ணிக் கேட்டுட்டுப் பண்ணுங்க." இந்தப் பேச்சு வந்ததும் நல்ல மெக்கானிக்கின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். தன் மூளைக்கு விலை இருக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது யாருக்கும் வருகிற மகிழ்ச்சி அது.

ஸ்பேர் விஷயத்தில் ஒரு வார்த்தை. சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் வாகன உலகத்துக்கே தெரிந்த பெயர்கள். கதவு, கண்ணாடி, பம்பர் போன்றவற்றைப் புதுப்பேட்டையில் பழையதாக வாங்கலாம், நல்ல லாபம். ஆனால், சென்சார், பம்ப், இக்னிஷன் காயில் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவேண்டாம். எந்த வண்டியிலிருந்து, எத்தனை வருடம் சூட்டில் கிடந்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாது. புதிதாக வாங்கும்போது எம்.ஆர்.பி. ஸ்டிக்கரோடு டப்பாவை வாங்கி வையுங்கள், பாகத்தின் எண் பில்லில் வரட்டும், கழற்றிய பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரியாகவில்லை என்றால்

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு வட்டம் அடித்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். சூட்டில் நின்ற வண்டியைச் சூட்டில் ஓட்டிப் பார்க்கவேண்டும். சிக்னலில் நின்றதை நெரிசல் நேரத்தில் ஏ.சி. போட்டுப் பார்க்கவேண்டும். அதற்கு ஒரு நாள் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

தகராறு என்று வந்தால் சட்டம் இரண்டு பக்கமும் பேசுகிறது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ம் பிரிவுப்படி, ஒப்படைத்த பொருளைச் சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்ப்பதுபோல ஒர்க்‌ஷாப் பார்த்துக்கொள்ளவேண்டும். அதே சட்டத்தின் 170-ம் பிரிவுப்படி, செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியைத் தராமல் வைத்திருக்கும் உரிமை மெக்கானிக்குக்கு உண்டு. அதனால் வாக்குவாதம் செய்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது உதவாது. பணத்தைக் கட்டி, "ஆட்சேபணையோடு கட்டுகிறேன்" என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு வண்டியை எடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இந்த வழக்குகள் வலுவிழக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் ஒர்க்‌ஷாப் செய்த வேலை தவறு என்று நிரூபிக்க ஆதாரம் வேண்டும். ஆனால், பொறுமையிழந்த உரிமையாளர் அதற்குள் இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் வண்டியைச் சரிசெய்து ஓட்டத் தொடங்கியிருப்பார். எது கெட்டிருந்தது, எது தேவையில்லாமல் மாற்றப்பட்டது என்பதைச் சொல்ல யாரிடமும் ஒரு தாள்கூட இருக்காது. ஆகவே இரண்டாவது மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கும் முன், பார்த்ததை லெட்டர்ஹெட்டில் எழுதி, தேதியும் கிலோமீட்டர் எண்ணும் போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். கோளாறு வந்த நிலையில் ஸ்கேனர் திரை, மீட்டர் காட்டிய எண், கழற்றிய பாகம் மூன்றையும் படம் எடுங்கள். முதல் பில், ஜாப் கார்டு, பழைய பாகங்கள் எல்லாவற்றையும் அதோடு ஒரே பையில் போட்டு வைத்த பிறகு, வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.